குறுகிய கால ஹோல்டர் யார்? பிட்காயின் சங்கிலியில் காயின்களின் வயதைப் படிப்பது

பிட்காயின் விலை பத்து சதவீதம் சரிஞ்சா போதும், டெலிகிராம் குழுக்கள்ல ஒரு சார்ட் சுத்த ஆரம்பிச்சிடும். "ஷார்ட்-டெர்ம் ஹோல்டர்கள் பயந்து நஷ்டத்துல வித்துத் தள்ளுறாங்க, அடிமட்டம் வந்தாச்சு, இப்பவே வாங்கிப் போடுங்க" என்று கீழே ஒரு வரி. சார்ட் பொய்யில்லை. அதிலுள்ள எண்ணை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். ஆனால் அந்த வரியில் இருக்கிற "பயந்து" என்ற சொல் எங்கிருந்து வந்தது? பயந்தவரை யார் பார்த்தார்கள்?

யாரும் பார்க்கவில்லை. பார்த்தது காயின்களை மட்டும்தான். ஒரு காயின் கடைசியாக எப்போது நகர்ந்தது, அன்றைக்குச் சந்தை விலை என்ன, இப்போது நகரும்போது விலை என்ன. இந்த மூன்றை வைத்துத்தான் "குறுகிய கால ஹோல்டர்" என்ற ஒரு ஆளையே உருவாக்குகிறார்கள். இது கெட்டிக்காரத்தனமான வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனா அந்த எண்ணை நம்பி காசு போடுறதுக்கு முன்னாடி, அது எப்படிச் சமைக்கப்படுதுன்னு தெரிஞ்சிருக்கணும். இந்தக் குறிப்பு அதைப் பற்றித்தான்.

காயினுக்கு வயது எப்படி வருகிறது

வங்கிக் கணக்கில் "இருப்பு" என்று ஒரு எண் இருக்கும். பிட்காயின் நெட்வொர்க்கில் அப்படி ஒன்று கிடையாது. இருப்பதெல்லாம் இன்னும் செலவாகாத துண்டுகள். யூடிஎக்ஸ்ஓ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். உங்க வாலட் ஆப் "1 பிட்காயின்"னு காட்டுதுன்னா, அது உங்க சாவியால திறக்கக்கூடிய 0.5, 0.3, 0.2 துண்டுகளைக் கூட்டிக் காட்டுது, அவ்வளவுதான்.

ஒவ்வொரு துண்டும் ஏதோ ஒரு பிளாக்கில் பிறந்திருக்கும். பிளாக்குக்கு நேரமுத்திரை உண்டு. சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக், ஒரு நாளைக்கு 144. ஆகவே ஒவ்வொரு துண்டுக்கும் பிறந்த நேரம் தெரியும். செலவாகும்போது அந்தத் துண்டு முழுசாக அழிந்து, புதுத் துண்டுகள் பிறக்கின்றன. பிறந்த நேரத்துக்கும் அழிந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளிதான் அந்தத் துண்டின் ஆயுள். 2009 ஜனவரி 3 தேதியிட்ட முதல் பிளாக்கிலிருந்து இந்தப் பிறப்பு இறப்புப் பதிவேடு பொதுவெளியில் அப்படியே கிடக்கிறது. 600 ஜிபிக்கு மேல் இடமும் கொஞ்சம் பொறுமையும் இருந்தா வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே முழுசா இறக்கிப் பார்க்கலாம்.

எத்தர் போன்றவற்றில் இது இவ்வளவு சுலபமில்லை. அங்கே வங்கி மாதிரி கணக்கு முறைதான். தனித்தனித் துண்டுகள் கிடையாது. பத்து எத்தர் வைத்திருப்பவர் இரண்டை அனுப்பினால், போனது பழைய எத்தரா புது எத்தரா என்று ஆய்வாளர்தான் ஒரு விதி வைத்து முடிவு செய்ய வேண்டும். அதனால இந்தக் குறிப்பு முழுக்க பிட்காயினோடயே நிக்குது.

துண்டு முறையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மூன்று வருஷமா நீங்க அசையாம வச்சிருந்த 0.5 துண்டிலிருந்து 0.1-ஐ ஒருத்தருக்கு அனுப்புறீங்கன்னு வைங்க. அவருக்கு 0.1 போகும், மீதி 0.4 சில்லறையா உங்களுக்கே திரும்பி வரும். அந்த 0.4 இப்போது புதுத்துண்டு, வயது பூஜ்யம். சங்கிலியின் பார்வையில் நீங்கள் நேற்றுதான் சந்தைக்கு வந்த புது ஆள்! இதைச் சரிசெய்யத்தான், ஒரே ஆளுக்கோ நிறுவனத்துக்கோ சொந்தமான முகவரிகளை ஒன்றாகக் கட்டும் வேலை நடக்கிறது. ஒரே பரிவர்த்தனையில் சேர்ந்து செலவாகும் துண்டுகள் ஒரே ஆளுடையவை என்பது அதன் அடிப்படை அனுமானம். இப்படி ஆளை இனம் காண முடியும் என்பதை சதோஷியின் மூல ஆவணமே சொல்லிவிட்டது. பெரும்பாலும் சரியாக வரும். பலர் சேர்ந்து கலந்து அனுப்பும் காயின்ஜாய்ன் மாதிரி இடங்களில் உடையும்.

ஏன் 155 நாள்

குறுகிய காலம், நீண்ட காலம் என்று பிரிக்க ஒரு கோடு வேண்டும். அமெரிக்க வருமானவரிச் சட்டம் ஒரு வருஷத்தில் கோடு போடுகிறது. ஆன்-செயின் ஆய்வில் பரவலாகப் புழங்குவது 155 நாள், அதாவது சுமார் ஐந்து மாதம். கிளாஸ்நோட் நிறுவனம் 2020-ல் வைத்த கோடு இது. காரணம் நேரடியானது: துண்டுக்கு வயது ஏற ஏற அது செலவாகும் வாய்ப்பு குறைகிறது. முதல் சில நாட்களில் வாய்ப்பு மிக அதிகம், பிறகு வேகமாக இறங்கி, ஐந்து மாதத்தைத் தாண்டிய காயின் இனி சுலபத்தில் அசையாது என்ற நிலைக்கு வந்துவிடுகிறது.

நம்ம வீட்டுத் தங்கத்தை நினைச்சுப் பாருங்க. பாட்டி காலத்துச் சங்கிலியின் இன்றைய மதிப்பை யாரும் தினமும் கணக்குப் போடுவதில்லை. போன அட்சய திருதியைக்குக் கொஞ்சம் உச்ச விலையில் தங்கக் காசு வாங்கியவர்தான் நகைக்கடை போர்டை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே நடப்பார். விலை ஆட்டத்துக்கு முதலில் பதில் சொல்லப் போகிறவர் அவர்தான். 155 நாள் கோட்டின் நோக்கம் அவரைத் தனியாகப் பிரித்தெடுப்பது.

இது கத்தியால் வெட்டின கோடு இல்லை. கிளாஸ்நோட் கணக்கில் 155-ஐ நடுவில் வைத்து, சுமார் பத்து நாள் அகலத்துக்குச் சரிவாக எடை மாறுகிறது. ஒரே நாளில் ஒரு காயின் கட்சி மாறுவதில்லை, சில வாரங்களில் மெல்ல நழுவிப் போகிறது. தவிர, தனித்தனித் துண்டின் தேதியைப் பார்க்காமல் ஒவ்வொரு ஆளின் சராசரி வாங்கிய தேதியைப் பார்க்கிறார்கள். மேலே சொன்ன சில்லறைப் பிரச்சினை அதனால் நிறையவே குறைகிறது.

அடக்கவிலை என்ற கற்பனை

சங்கிலியில் டாலர் விலை எங்கேயும் எழுதப்படவில்லை. துண்டு பிறந்த நேரத்தை எடுத்து, அந்த நேரத்துச் சந்தை விலையை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டுகிறார்கள். "இந்தத் துண்டு இந்த விலைக்கு வாங்கப்பட்டது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே ஒரு பெரிய அனுமானம் உட்கார்ந்திருக்கிறது: நகர்வு என்றால் வாங்கல்-விற்றல். அதைப் பிறகு பார்ப்போம்.

இப்படி எல்லாத் துண்டுகளின் ஒட்டிய விலையையும் கூட்டினால் கிடைப்பதை ரியலைஸ்டு கேப் என்கிறார்கள். 2018-ல் காயின் மெட்ரிக்ஸ் வழியாகப் பிரபலமான யோசனை. சந்தை விலையை அந்தச் சராசரி அடக்கவிலையால் வகுத்தால் எம்விஆர்வி. அதே ஆண்டு அக்டோபரில் முராத் மஹ்முதோவும் டேவிட் புயலும் வெளியிட்டது. 155 நாளுக்கு இளைய காயின்களுக்கு மட்டும் போட்டால் அது குறுகிய கால எம்விஆர்வி. 1-க்கு மேல் இருந்தால் புதுசா வந்தவர்கள் சராசரியா லாபத்தில், கீழே போனா நஷ்டத்தில்.

கையில் இருப்பவர்களைப் பற்றிச் சொல்வது எம்விஆர்வி. உண்மையில் நகர்ந்தவர்களைப் பற்றிச் சொல்வது எஸ்ஓபிஆர், 2019-ல் ரெனாடோ ஷிராகாஷி கொண்டுவந்தது. இன்று செலவான காயின்களின் இன்றைய மதிப்பை, அவை பிறந்த நாளின் மதிப்பால் வகுக்க வேண்டும். 70,000 டாலருக்கு வாங்கின காயின் 58,000-க்குப் போனா 0.83. ஒரு மணி நேரம்கூட ஆயுள் இல்லாத துண்டுகளைக் கழித்துவிட்டுப் பார்ப்பது வழக்கம், அதெல்லாம் பெரும்பாலும் வாலட் உள்வேலை.

எஸ்ஓபிஆர்-ல் எனக்குப் பிடித்த விஷயம் 1 என்ற கோட்டின் நடத்தை. காளைச் சந்தையில் இறக்கம் வந்தா எண் 1-ஐத் தொட்டுட்டுத் திரும்பும். நஷ்டத்தில் விற்க யாருக்கும் மனசு வராது, "ஏறிடும், இருப்போம்"னு கையைக் கட்டிக்கிட்டு இருப்பாங்க. விற்பனை வறண்டு விலை எழும்பும். கரடிச் சந்தையில் அதே 1 கூரையாகிவிடும். மாசக்கணக்கா நஷ்டத்தில் தவிச்சவர் முதலுக்கு வந்ததும், "போட்டது கிடைச்சா போதும்டா சாமி"ன்னு வித்துட்டுப் போவார். 2022 மார்ச் கடைசியில் விலை 48,000 டாலர் வரை வந்து திரும்பி விழுந்த இடத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால் புரியும். மனுஷ மனசு கணக்கில் இவ்வளவு பளிச்சென்று தெரிகிற இடங்கள் குறைவு. இந்த வகை அளவீடுகளை நான் ஒதுக்காமல் வைத்திருப்பதற்கு இதுதான் முதல் காரணம்.

ஆனால் இதுவும் ஒரு கூட்டுச் சராசரி. 70,000-க்கு வாங்கினவரும் 52,000-க்கு வாங்கினவரும் ஒரே நாளில் 58,000-க்கு விற்றால், எண் 0.95 வரும். ஒருவர் கதறுகிறார், ஒருவர் சிரிக்கிறார், சார்ட் "லேசான நஷ்டம்" என்கிறது. எஸ்ஓபிஆர் 0.95 என்று பார்த்தால் நஷ்டமாக நகர்ந்த தொகை எவ்வளவு, லாபமாக நகர்ந்தது எவ்வளவு என்று தனித்தனியாகத் தேடிப் பார்ப்பது நல்லது.

யாரும் அசையாமல் நிலைமை "தேறுவது"

இப்போ நான் ரொம்ப முக்கியமா நினைக்கிற இடத்துக்கு வர்றேன். மெதுவா ஒரு சின்னக் கணக்கு போடுவோம்.

குறுகிய காலப் பையில் நாலே நாலு காயின் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாங்கிய விலைகள் 70,000, 66,000, 60,000, 52,000. சராசரி 62,000. சந்தை விலை 58,000. எம்விஆர்வி 0.94. புது ஆட்கள் சராசரியாக நஷ்டத்தில் இருக்கிறார்கள்.

சில நாள் போகிறது. விலை அதே 58,000. யாரும் வாங்கவில்லை, விற்கவில்லை. 70,000-க்கு வாங்கிய காயினுக்கு 155 நாள் ஆகிவிட்டது. அது பையை விட்டு வெளியேறி "நீண்ட கால ஹோல்டர்" பைக்குப் போகிறது. மிச்ச மூன்றின் சராசரி 59,333, எம்விஆர்வி 0.98. இன்னும் கொஞ்ச நாளில் 66,000 காயினும் போகிறது. இரண்டு காயின், சராசரி 56,000, எம்விஆர்வி 1.04.

0.94-லிருந்து 1.04! சார்ட் பார்ப்பவர் "புது ஆட்கள் லாபத்துக்குத் திரும்பிட்டாங்க, டிரெண்டு மாறிடுச்சு"ன்னு எழுதுவார். நடந்தது என்ன? நஷ்டத்தில் இருந்த ரெண்டு பேரும் அதே நஷ்டத்தில்தான் இருக்கிறார்கள். காலண்டர் தாள் கிழிந்தது, அவர்களைக் கணக்கிலிருந்து தூக்கி வேறு பையில் போட்டுவிட்டார்கள். அதுவும் என்ன பெயரில்? "நீண்ட கால ஹோல்டர்", அதாவது உறுதியானவர், அசராதவர். உண்மையில் மாட்டிக்கொண்டவர்.

நிஜத் தேதிகளோடு பாருங்கள். 2021 நவம்பர் 10 அன்று விலை 69,000 டாலர் அளவில் உச்சம். அன்று வாங்கி அப்படியே விட்டவருக்கு 155 நாள் முடிந்தது 2022 ஏப்ரல் 14. அப்போது விலை சுமார் 40,000. நாற்பது சதவீதத்துக்கு மேல் இழந்த நிலையில் அவர் "நீண்ட கால ஹோல்டர்" ஆனார். அந்த மாதங்களில் நீண்ட காலக் கையிருப்பு கூடுவதை "பெரிய முதலீட்டாளர்கள் சேர்க்கிறார்கள்" என்று விளக்கிய பதிவுகள் ஏராளம். சேர்க்கும் செயல் நடந்தது ஐந்து மாசம் முன்னாடி, உச்சத்தில். இப்போது நடந்தது வயசாவது மட்டும்.

2024-ஐ எடுங்கள். மார்ச் 14 அன்று 73,700 டாலர் அளவில் உச்சம். ஆகஸ்ட் 5, ஜப்பான் வட்டி உயர்வுக்குப் பிறகு யென் கடன் வர்த்தகம் கலைந்து, நிக்கேய் ஒரே நாளில் 12 சதவீதம் விழுந்த திங்கட்கிழமை. பிட்காயின் 49,000 டாலர் அளவுக்குப் போனது. அன்று மார்ச் உச்சத்தில் வாங்கியவர்களின் காயினுக்கு வயது 144 நாள். இன்னும் குறுகிய காலப் பையில்தான் இருந்தார்கள். பிப்ரவரி கடைசிக்குப் பிறகு விலை பெரும்பகுதி 60,000-க்கு மேலேயே ஓடியதால் அந்தப் பையின் சராசரி அடக்கவிலை உயரத்தில் நின்றது, நஷ்டம் பயங்கரமாகத் தெரிந்தது. ஆகஸ்ட் 16-ல் மார்ச் உச்சக் காயின்களுக்கு 155 நாள். அதன் பிறகு வாரா வாரம் உயர்ந்த விலைக் காயின்கள் பையிலிருந்து ஒழுகிப் போக, அடக்கவிலைக் கோடு தானாகக் கீழே இறங்கி விலையை நோக்கி வந்தது. ஆகஸ்ட் 5-ல் பயந்து விற்றவர்களும் அதற்கு ஒரு காரணம், ஏனென்றால் அவர்கள் விற்ற காயின் புதியவர் கையில் குறைந்த விலையில் மறுபடி பிறக்கிறது. காலண்டர் இன்னொரு காரணம்.

அடக்கவிலை இறங்குவதற்கு இப்படி இரண்டு வழி. ஒன்று, யாரோ கைவிட்டார்கள். இன்னொன்று, யாரோ மாட்டிக்கொண்டு மூத்துப் போனார்கள். சந்தைக்கு இந்த ரெண்டும் ஒன்றில்லை. கைவிட்டவர் கணக்கு முடிஞ்சது, அவர் திரும்பி வந்து விற்க அவரிடம் ஒன்றுமில்லை. மாட்டிக்கிட்டவர் இன்னும் உள்ளேயே இருக்கார், விலை அவர் முதலுக்கு வர்ற அன்னிக்கு மேலே காத்திருக்கும் விற்பனை அவர்தான். அடிமட்டம் வந்தாச்சா என்று கேட்பவருக்கு இந்த வித்தியாசம்தான் பதில், ஆனால் எம்விஆர்வி எண் இரண்டையும் ஒரே மாதிரி காட்டும்.

பிரித்துப் பார்க்க முடியும். அடக்கவிலை இறங்கும் அதே நாட்களில் நஷ்டமாக நகர்ந்த டாலர் தொகை குவிந்து, நீண்ட காலக் கையிருப்பு பெரிசா ஏறாமல் இருந்தால், கைவிடல் நடக்கிறது. நஷ்டத் தொகை சொற்பமாக இருந்து, நீண்ட காலக் கையிருப்பும் அதில் நஷ்டத்தில் உள்ள பங்கும் ஏறிக்கொண்டே போனால், மூப்பு நடக்கிறது. சந்தா கட்டி சார்ட் பார்க்க வசதி இல்லாதவருக்குக் காலண்டரே போதும்: இன்றிலிருந்து 155 நாள் பின்னால் போய் அன்றைய விலையைப் பாருங்கள். அன்று விலை இப்போதையதை விட ரொம்ப உயரத்தில் இருந்ததென்றால், வரும் வாரங்களில் குறுகிய கால எண்கள் "தேறும்". அந்தத் தேறலுக்கு மதிப்பு கொடுக்க வேண்டாம்.

நகர்ந்தால் விற்றதாகுமா

இரண்டு சம்பவங்கள், இரண்டும் 2024-ல் சில வார இடைவெளியில் நடந்தவை.

முதலாவது மவுன்ட் காக்ஸ். டோக்கியோவில் இருந்த இந்த எக்ஸ்சேஞ்ச் 2014 பிப்ரவரியில் திவாலானது. மீண்ட காயின்கள் நீதிமன்றம் நியமித்த அறங்காவலர் வசம் இருந்தன. ஐந்து வருஷமாகக் கிடப்பில் கிடந்த சுமார் 1,40,000 பிட்காயின் 2024 மே 28 அன்று ஒரேயடியாக வேறு முகவரிகளுக்கு நகர்ந்தது. கடன்காரர்களுக்குத் திருப்பித் தருவதற்கான ஏற்பாடு. அன்று ஒன்றுகூடச் சந்தையில் விற்கப்படவில்லை. பட்டுவாடாவே ஜூலையில்தான் தொடங்கியது.

எளிய துண்டு வயதுக் கணக்கில் இது எப்படித் தெரியும்? கிழட்டுக் காயின்கள் மொத்தமாகச் செலவாகிவிட்டன: "நீண்ட கால ஹோல்டர்கள் கொட்டுகிறார்கள்." அதே நொடியில் 1,40,000 புதுக் காயின், அன்றைய 68,000 டாலர் விலையில் பிறந்துவிட்டன: "புதிய வாங்குபவர்கள் வந்துவிட்டார்கள்." ஒட்டிய விலைப்படி இந்தக் காயின்களின் மதிப்பு மட்டும் சுமார் 950 கோடி டாலர். குறுகிய காலப் பையில் 30 லட்சம் காயின் இருப்பதாக வைத்துக்கொண்டால், அதில் கிட்டத்தட்ட ஐந்து சதவீதம் யாருமே வாங்காத காயின். ஒரு அறங்காவலர் பெட்டி மாற்றி வைத்ததற்கு இவ்வளவு கதை. ஆளைக் கட்டும் முறையுள்ள நிறுவனங்கள் இதைச் சலித்து எடுத்துவிடலாம், இது ஊரறிந்த பெட்டி. ஊரறியாத பெட்டிகள் தினமும் மாறிக்கொண்டுதான் இருக்கின்றன.

இரண்டாவது ஜெர்மனியின் சாக்சனி மாநிலம். மூவி2கே என்ற திருட்டுப் படத் தளத்தை நடத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்டவரிடமிருந்து 2024 ஜனவரியில் கிட்டத்தட்ட 50,000 பிட்காயின் அரசு வசம் வந்தது. ஜூன் 19 முதல் ஜூலை 12 வரை 49,858 காயின்களை விற்று, சுமார் 264 கோடி யூரோ ஈட்டியதாக டிரெஸ்டன் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் அறிவித்தது. இந்த முறை உண்மையான விற்பனைதான். ஆனா விற்றதற்குக் காரணம்? விலை மடமடவென்று மாறக்கூடிய பறிமுதல் சொத்தை, வழக்கு முடியும் முன்னமே விற்றுப் பணமாக வைக்கச் சட்டம் சொல்கிறது. அதிகாரி விதிப்புத்தகத்தைப் பார்த்து விற்றார்.

சங்கிலிக் கணக்கில் இது ஒரு வேடிக்கை. அரசு வாலட்டுக்குள் வந்த ஜனவரியில் விலை 42,000 டாலர் அளவு. வெளியேறியது 54,000-க்கும் 65,000-க்கும் இடையில் பல விலைகளில். காயின்களின் வயது ஐந்து மாதத்தைச் சுற்றி, 155 கோட்டுக்கு ரெண்டு பக்கமும் காலை வைத்துக்கொண்டு. ஆக, எண்களின் மொழியில் இது "நடுத்தர வயதுக் காயின்கள், அழகான லாபத்தில், நிதானமாக லாபம் எடுத்தல்". அதே நேரம் இந்த விற்பனையைப் பார்த்து மிரண்டவர்கள் தங்கள் காயினை நஷ்டத்தில் தள்ளினார்கள், ஜூலை 5 அன்று விலை 54,000-க்குக் கீழே போனது. அந்த ஒரு நாளின் எஸ்ஓபிஆர்-ஐத் தனியாக எடுத்து மனநிலை சொல்ல முயல்வது, ஏலக்கடைக்காரனையும் அடமானம் வைத்தவனையும் ஒரே வரிசையில் நிறுத்திச் சராசரி முகபாவம் என்னவென்று கேட்பது போல.

கண்ணில் படாதவர்கள்

இதுவரை சொன்னது தப்பாகத் தெரிகிறவர்களைப் பற்றி. தெரியவே தெரியாதவர்கள் இன்னும் அதிகம்.

எக்ஸ்சேஞ்ச் ஆப்பில் வாங்கி அங்கேயே விட்டு வைத்திருப்பவரின் காயின் சங்கிலியில் அவர் பெயரில் இல்லை. நீங்கள் ஆப்பில் வாங்கினதும் விற்றதும் அந்த நிறுவனத்தின் சொந்தக் கணக்கேட்டில் ஒரு வரி மாற்றம், அவ்வளவுதான். பத்து நாளில் இருபது தடவை வாங்கி விற்றாலும் சங்கிலியில் ஒரு துண்டுகூட அசையாது. உங்கள் காயின் வெளியே வாலட்டுக்கு எடுக்கும்போதோ உள்ளே போடும்போதோதான் தெரியும். அதாவது, மிக மிகக் குறுகிய கால ஹோல்டர், அந்தச் சொல்லுக்கு நியாயமான அர்த்தத்தில் அப்படிப்பட்டவர், இந்தக் கணக்கில் பெரும்பாலும் இல்லவே இல்லை. நம்ம ஊரில் ஆப் வழியா நூறு, ஐநூறு ரூபாய்க்கு வாங்கிப் போட்டவங்க எல்லாரும் இதில் அடக்கம். (வரிக் கணக்கிலும் இந்தியாவில் நூறு நாளும் ஒன்றுதான் ஆயிரம் நாளும் ஒன்றுதான். 2022 ஏப்ரல் முதல் எவ்வளவு காலம் வச்சிருந்தாலும் லாபத்தில் 30 சதவீதம், நஷ்டத்தைக் கழிக்கவும் முடியாது.)

2024 ஜனவரி 11 முதல் அமெரிக்காவில் ஸ்பாட் இடிஎஃப் வந்த பிறகு இந்த இருட்டு இன்னும் பெருகியது. இடிஎஃப் பங்கைக் காலையில் வாங்கி மாலையில் விற்பவரின் பயமும் ஆசையும் பங்குச் சந்தையோடு முடிகிறது. வாங்கல் விற்றல் ஒன்றையொன்று சமன் செய்யாத மிச்சம் மட்டுமே, பாதுகாவலர் வாலட்டுக்குள் வரும் அல்லது வெளியே போகும் காயினாகச் சங்கிலியைத் தொடும். அங்கே கிடந்து 155 நாள் தாண்டும் காயின் "நீண்ட கால ஹோல்டர்" என்று பதிவாகும். அதற்குப் பின்னால் உள்ள பங்குதாரர் அதற்குள் பத்துத் தடவை மாறியிருக்கலாம்.

2018, 2019-ல் இந்த அளவீடுகள் உருவானபோது, காயினைச் சொந்த வாலட்டில் வைத்திருப்பவரும், விற்க நினைத்தால் எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பி விற்பவருமே மாதிரி ஆள். அந்த ஆளுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும். அதனால்தான் 2018, 2019 சார்ட்டுகள் பாடப்புத்தகம் மாதிரி அழகாக இருக்கின்றன. அந்த வடிவம் 2024-லும் அப்படியே வரணும்னு எதிர்பார்க்க எனக்குக் காரணம் தெரியலை.

நான் இப்போது எப்படிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன், பிடிச்சா எடுத்துக்கங்க. எக்ஸ்சேஞ்ச் முகவரிகளுக்குள் நுழையும் இளைய காயின்கள், அதிலும் நஷ்டத்தில் நுழைபவை, இதற்கு முதலிடம் கொடுக்கிறேன். பெட்டி மாற்றுபவர் பொதுவாக எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்ப மாட்டார், விற்க நினைப்பவர்தான் அனுப்புவார். எம்விஆர்வி-யைத் தனியாகப் பார்ப்பதே இல்லை, 155 நாள் முந்தைய விலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான். ஒரே நாள் எகிறலைப் பார்த்தால் உடனே பெரிய ஒற்றைப் பரிவர்த்தனை ஏதாவது இருக்கிறதா என்று பிளாக் எக்ஸ்ப்ளோரரில் தேடுவேன். இருந்தால், அன்றைய எண்ணை ஒதுக்கிவிடுவேன். ஏழு நாள் சராசரிக்கு மாறினால் சத்தம் குறையும், ஆனால் மவுன்ட் காக்ஸ் மாதிரி ஒரு மலையை ஏழு நாளுக்குப் பரப்பி வைத்தாலும் அது மலைதான், அதனால் சராசரியை மட்டும் நம்புவதில்லை.

இவ்வளவும் சரியாக வந்தாலும் கிடைப்பது, நஷ்டத்தில் இருந்த புது ஆட்களில் எவ்வளவு பேர் ஏற்கனவே விற்றுவிட்டார்கள் என்ற ஒரு மதிப்பீடு. மிச்சம் இருப்பவர்கள் நாளைக்கு விற்பார்களா என்பது அதில் இல்லை. டெலிகிராம் சார்ட்டின் கீழே இருக்கும் அந்த "வாங்கிப் போடுங்க" என்ற சொல், பதிவைப் போட்டவர் தன் கையிலிருந்து சேர்த்தது.